முத்திரை மரக்கால் எங்கே?

மன்னார்குடிப் பந்தலடிக்கு அருகே அண்மையில் ஓரிரவு நாடகம். மணி ஒன்பது. திரை விலகுகிறது, கூடியிருந்தோர் கையொலி எழுப்புகின்றனர். அமைச்சர் வேடத்தில், நிமிர்ந்த தலையும் நீண்ட அங்கியுமாக நான் நிற்கிறேன்.

தோழரே, அந்த அமைச்சன் அன்று ஆற்றிய அலுவல்களைக் கேளுங்கள்! விடியற்காலையில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டினான். முற்பகலில் காவல் நிலையத்திலே அனுமதிச் சீட்டுக்காகக் காத்து நின்றான். உச்சி வெயிலில் ஒலிபெருக்கிக்காரரிடம் வாடகைப் பேரம் பேசினான். மாலையில் அட்டை வாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டினான். திரை விலகுமுன் வரவேற்புரை ஆற்றினான். நடிகர் ஒருவர் பேருந்தைத் தவறவிட்டதால், இரண்டாம் காட்சியில் காவலன் வேடமும் அவனே கட்டினான். எல்லாம் முடிந்து ஊர் உறங்கப் போனபின், வாடகை நாற்காலிகளை எண்ணி அடுக்கினான். நாடகத்தை எழுதியவனும் அவன்தான் என்பது, இவ்வளவுக்கும் பிறகு நினைவுக்கு வரும் செய்தி!

மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தம்பி! ஒரே ஆள், பத்து ஆள் வேலை பார்க்கிறாயே, என்னே உன் திறமை!" என்றார். நெஞ்சு குளிர்ந்தது உண்மை. வீடு திரும்பிக் கணக்குப் பார்த்தேன். பந்தல் போட்டவருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. ஒலிபெருக்கிக்காரருக்கும் விளக்குக்காரருக்கும் கொடுத்தாகிவிட்டது. பத்து ஆள் வேலை பார்த்தவனுக்கு மிஞ்சியது ஒரு பொன்னாடை. பெட்டியில் ஏற்கெனவே பத்தொன்பது இருக்கின்றன, இது இருபதாவது!

பல வேடம் பூணுவது கலைஞனுக்குப் பெருமையா, பிணியா? இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா.

"பெருமையே!" என்பார் உளர். சான்றும் காட்டுவர். யாரை? நமக்கு அடுத்த வட்டாரத்துப் பாட்டாளிப் பாவலர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை. 1930இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த அவர் 17 தொழில் செய்தவர் என்று ஊரெல்லாம் சொல்லும். உழுதார், மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், உப்பளத்தில் உழைத்தார், மீனும் நண்டும் பிடித்தார், சக்தி நாடக சபாவிலே நடித்தார். "அந்த உழைப்பல்லவா அவர் பாட்டுக்கு உரமாயிற்று? வறுமையல்லவா கவிஞனை வளர்த்தது?" என்று கேட்பர்.

உப்பளத்தில் நின்றவனுக்குத்தான் உப்பின் கரிப்பு தெரியும், மறுக்கவில்லை. ஆனால், அவர் பாட்டுகள் திரையிலே ஒலித்த காலம் எவ்வளவு? 1950களின் நடுவிலே தொடங்கி, 1959 அக்டோபர் 8இல் அவர் கண்மூடும் வரை. ஐந்தாண்டுக்குள் அடங்கிவிடும் சிறு பொழுது! பாட்டே தொழிலாகி, பாட்டே சோறிட்ட அந்தச் சிறு பொழுதிலேதான், தமிழகம் இன்றளவும் பாடும் பாடல்களை அவர் அள்ளித் தந்தார். 17 தொழிலைப் புகழ்வோர் பதினேழையும் விரல் மடக்கி எண்ணுகிறார்கள். அவர் மறைந்தபோது வயது 29 என்பதையும், அதிலே பாட்டுக்கென்று வாய்த்த ஆண்டுகள் எத்தனை என்பதையும் எண்ணுவார் இல்லை!

நம் வயலைப் பாருங்கள். குறுவை விளைகிறது, பின்னர் தாளடி விளைகிறது. அறுவடைக்குச் சில நாள் முன்பே, வயலின் ஈரம் காயுமுன், நெற்பயிருக்கு ஊடே உளுந்தையும் பயறையும் தெளிக்கிறான் உழவன். ஒரே நிலம், மூன்று வேடம்! ஆனால் அந்த உளுந்து நிலத்தைச் சுரண்டுவதில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சிலே சேர்த்து மண்ணுக்கு ஊட்டுகிறது. அதே வயலோரத்தில் சீமைக்கருவேல் முளைத்தால்? வெட்டி எறியாத வரை உழவனுக்கு உறக்கமில்லை.

கலைஞன் பூணும் வேடங்களும் இந்த இருவகையே. சிறுவர்க்கு நடிப்புச் சொல்லித் தருவது உளுந்து. மேடையேறிப் பேசுவது உளுந்து. நாலு பேர் வாழ்வை நேரிலே காணவைக்கும் எந்தத் தொழிலும் உளுந்துதான். வரவேண்டிய பணத்துக்காக வாயிற்படி தேய நடப்பதும், நன்கொடை நோட்டைச் சுமந்து கடை கடையாக ஏறுவதும் சீமைக்கருவேல்! எழுதவேண்டிய இரவை உறிஞ்சிக் குடிக்கும் வேர் அதற்கு. வேடம் எத்தனை என்பது கேள்வியன்று. எது உரம், எது களை என்பதே கேள்வி.

முன்னாளிலும் நாடகக்காரர் பல வேடம் பூண்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினார், பாட்டமைத்தார், நடித்தார், பயிற்றுவித்தார். 1918இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலேதான் டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். அக்காலக் கம்பெனிகளில் அடியும் உதையும் உண்டு. அதை நான் போற்றவில்லை. எனினும் ஒரு கூரையும் ஓர் அடுப்பும் இருந்தன. எழுதுபவர் எழுத, கணக்கர் கணக்குப் பார்க்க, சமையற்காரர் உலை வைக்க, வேலை பகிர்ந்து நடந்தது. 1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. நாளடைவில் கம்பெனிகள் கலைந்தன. கம்பெனியின் வேலைகள் மட்டும் கலையவில்லை. அத்தனையும் தனிக் கலைஞன் தலையிலே இறங்கின. அடுப்பு மட்டும் அவனோடு வரவில்லை!

"கலை ஒரு தொண்டாயிற்றே, கூலி கேட்கலாமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். விளக்குக்காரரிடம், "ஒளி ஒரு தொண்டு" என்று எவரேனும் சொன்னதுண்டா? அவருக்குக் கொடுப்பது நியாயம், கொடுத்தே தீரவேண்டும். அந்த நியாயம் ஒளிபட்டு நிற்கும் நடிகனை வந்து சேராதது ஏன்?

கூலியைப் பற்றித் தஞ்சைத் தரணிக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது வேறொரு மரக்கால் என்று வஞ்சித்த காலம் ஒன்றிருந்தது. "முத்திரையிட்ட மரக்காலால் அள!" என்று பண்ணையாட்கள் நிமிர்ந்து கேட்டார்கள். சவுக்கடிக்கு அஞ்சாமல் கேட்டார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உழைப்புக்கு அளவு உண்டு, அளவுக்குக் கூலி உண்டு என்று நாட்டுக்குச் சொன்ன மண் இது. இந்த மண்ணிலே கலைஞனுக்கு மட்டும் முத்திரை மரக்கால் எங்கே?

கேட்பது ஆகாயக் கோட்டையன்று. ஜெர்மனியில் 1983 முதல் நடைமுறையில் இருக்கிறது கலைஞர் சமூகக் காப்பீடு. தனித்து இயங்கும் எழுத்தாளரும் நடிகரும் மருத்துவத்துக்கும் முதுமை ஓய்வூதியத்துக்குமான தொகையில் பாதியைச் செலுத்துகிறார்கள். மறுபாதியில், நூற்றுக்கு 30 பங்கைப் பதிப்பகம், அரங்கம், ஒலிபரப்பு நிலையம் போன்று கலையைப் பயன்படுத்துவோரும், 20 பங்கை அரசும் ஏற்கின்றன. கலையால் பயன் பெறுபவன் கலைஞனின் முதுமைக்கும் பொறுப்பாளி! நம் மாநிலத்தில் 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது, நல்ல தொடக்கம். ஆனால் நல வாரியம் தருவது உதவி. நான் கேட்பது உரிமை. இரண்டும் ஒன்றல்ல.

இனி, பிறரைச் சொல்லுமுன் நம்மைச் சொல்லிக்கொள்வோம். கல்லூரியைப் பாதியில் விட்டு, மேடையே கல்லூரி என்று வந்தவன் நான். எனக்கு மேடை தந்தது இயக்கம்; நன்றி மறவேன். அந்த நன்றியோடுதான் சொல்கிறேன்: கூட்டத்தின் செலவுக் கணக்கிலே பந்தலுக்கு ஒரு வரி, பதாகைக்கு ஒரு வரி, சோடாவுக்கும் ஒரு வரி எழுதும் நம் தோழர்கள், நாடகம் எழுதியவனுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. உழைப்பவர் உரிமை பேசும் மேடையிலேயே உழைப்பவனுக்குக் கூலி இல்லையெனில், நம் பேச்சை எவர் நம்புவார்?

ஆகவே, விழா எடுப்போரே, இயக்கத் தோழரே! நாடகத்துக்கு நாள் குறிக்கும் அன்றே கூலியைப் பேசுங்கள், தாளிலே எழுதுங்கள். எழுதிய நாளையும் ஒத்திகை நாளையும் சேர்த்து அளவிடுங்கள். சுவரொட்டி ஒட்டவும் நாற்காலி அடுக்கவும் நாலு பேரை அனுப்புங்கள். அவர்களுக்கும் கூலி கொடுங்கள். இருபத்தோராவது பொன்னாடையுடன் அடுத்த மாதம் என் வீட்டுக்கு வரவிருக்கும் அன்பரே, அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். திண்ணையில் அமர்ந்து, "ஒத்திகை எத்தனை நாள், தம்பி?" என்று கேளுங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்குவோம்.