போனது மதமல்ல, பொறுமை

ரேடியோவில் ஒரு பாட்டு சக்கைப்போடு போட என்ன வேண்டும்? திரும்பத் திரும்ப வந்து காதில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி, முறுக்கேறிய கிதார், மூன்றரை நிமிடத்துக்குள் முடிகிற சுருக்கம். 1991-ல் அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம். தன் ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பத்தின் முதல் சிங்கிளாகத் தேர்ந்தெடுத்த பாட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பல்லவி என்று சொல்லத்தக்கதாக எதுவும் கிடையாது. ஓடுவது ஏறக்குறைய நாலரை நிமிடம். முன்னால் நின்று வாசிப்பது மேண்டலின். தலைப்போ இன்னும் வில்லங்கம்: ‘லூசிங் மை ரிலிஜியன்’. அப்படியே பொருள் கொண்டால், ‘என் மதத்தை இழக்கிறேன்’. இசைத்தட்டு நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் தயங்கியதில் வியப்பில்லை. குழு பிடிவாதமாக நின்றது.

பிடிவாதம் அவர்களுக்குப் புதிதல்ல. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் 1980-ல் சேர்ந்த நால்வர் அவர்கள். பாடகர் மைக்கேல் ஸ்டைப், கிதார் கலைஞர் பீட்டர் பக், பேஸ் கிதார் மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெரி. யார் எழுதினாலும் பாட்டுக்கு நால்வர் பெயரும் சமமாகப் போடப்படும். கல்லூரி ரேடியோக்களின் செல்லப்பிள்ளைகளாக, ஊர் ஊராக வேனில் சுற்றி வளர்ந்தவர்கள்.

1989-ல் நீண்ட கச்சேரிப் பயணம் முடிந்தபோது பக்குக்கு எலக்ட்ரிக் கிதார் சலித்துவிட்டிருந்தது. ஒரு மேண்டலினை வாங்கினார். வாசிக்கத் தெரியாது. டிவி பார்த்துக்கொண்டே பழகினார். பக்கத்தில் டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டேப்பைப் போட்டுக் கேட்டபோது, கற்றுக்குட்டியின் தடுமாற்றங்களுக்கு நடுவே பளிச்சென்று ஒரு மெட்டு. தேர்ந்த மேண்டலின்காரர் கையில் அது சிக்கியிருக்குமா என்பது சந்தேகமே. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ஜான் மெக்வீ ஆக இருந்தால் இங்கே என்ன வாசிப்பார் என்று யோசித்து மில்ஸ் தன் பங்கைச் சேர்த்தார். 1990-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ஸ்வில் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. ஸ்டைப் ஒரே டேக்கில் பாடி முடித்தார். அட்லாண்டா சிம்ஃபனி கலைஞர்களின் வயலின்கள் பின்னர் சேர்க்கப்பட்டன.

தலைப்பில் உள்ள தொடர் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சுவழக்கு. பொறுமை எல்லை கடந்து, தன்னிலை இழக்கும் கட்டத்தில் சொல்வது. மதத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. தன் மனதைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று குமையும் ஒருதலைக் காதல்தான் விஷயம். ஸ்டைப் இதைப் பல பேட்டிகளில் விளக்கியும், ஜார்ஜியாவைத் தாண்டியதும் உலகம் அதைக் கடவுளோடு நடக்கும் சண்டையாகவே கேட்டது.

இந்தக் குழப்பத்தை வளர்த்ததில் ஒரு ஜலந்தர்காரருக்குக் கணிசமான பங்குண்டு. வீடியோவை இயக்கியவர் தர்செம் சிங். பஞ்சாபில் பிறந்து, சிம்லாவில் படித்து, கலிபோர்னியாவின் ஆர்ட் சென்டர் கல்லூரியில் தொழில் கற்றவர். பாடகர் கேமரா முன் நின்று பாடும் எளிய படம் போதும் என்பது ஸ்டைப்பின் எண்ணம். தர்செமோ இந்தியப் படங்களின் பாணியில் மிகையும் கனவும் கலந்த காட்சிகளைக் கேட்டார். கார்சியா மார்க்வெஸின் கதையிலிருந்து சிறகு முளைத்த கிழவர் வந்தார். கரவாஜ்ஜியோவின் ஓவிய வெளிச்சத்தில் அம்பு தைத்த புனித செபாஸ்தியார் நின்றார். இந்துக் கடவுளர்களும் காலண்டர் பட நிறங்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். நடுவே ஸ்டைப் கை கால்களை உதறி ஆடிய விசித்திர ஆட்டம். இவ்வளவையும் பார்த்தவர்களிடம் மதம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

பாட்டு பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம் வரை ஏறியது. அந்தக் குழு அதற்கு மேல் ஒருபோதும் போனதில்லை. எம்டிவி விழாவில், ஆண்டின் சிறந்த வீடியோ உட்பட 6 விருதுகள். மேடையேறிய ஒவ்வொரு முறையும் ஸ்டைப் ஒரு பனியனைக் கழற்ற, அடியில் வேறொரு வாசகம்: மழைக்காடு, துப்பாக்கிக் கட்டுப்பாடு, வாக்குரிமை. 1992-ல் கிராமி விருதுகளும் வந்தன. அமெரிக்காவில் மட்டும் ஆல்பம் 40 லட்சத்துக்கு மேல் போனது.

இத்தனை வெற்றிக்குப் பின் எந்தக் குழுவும் ஸ்டேடியங்களை நிரப்பப் புறப்பட்டிருக்கும். ஆர்.இ.எம். கச்சேரிப் பயணமே போகவில்லை. வீட்டிலிருந்து அடுத்த ஆல்பத்தைத் தொடங்கியது. இருந்தும், சின்ன அரங்குகளில் கேட்டு வளர்ந்த பழைய ரசிகர்கள் சிலருக்கு மனத்தாங்கல்: தங்கள் ரகசியம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களோடு அதைப் பங்குபோட வேண்டியதாயிற்று.

பெரி 1997-ல் விலகினார். 2011-ல் குழு கலைந்தது. 2024 ஜூனில், மீண்டும் சேர்ந்து வாசிக்க என்ன வேண்டும் என்று டிவி பேட்டியில் கேட்டதற்கு மில்ஸ், “ஒரு வால்நட்சத்திரம்” என்று கிண்டலாகச் சொன்னார். அதே ஜூனில், பாடலாசிரியர்கள் கௌரவிக்கப்பட்ட நியூயார்க் விழா ஒன்றில் நால்வரும் மேடையேறினார்கள். வாசித்தது ஒரே பாட்டு. பக்கின் கையில் மேண்டலின்.