எண்பதாயிரத்துக்குக் கயிறு, ஆயிரங்கோடிக்கு ராஜினாமா

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், தமிழகமும் கர்நாடகமும் சந்திக்கும் எல்லையோரத்தில் அமைந்தவை சாந்திபுரம், குப்பம் மண்டலங்கள். முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி இது. சாந்திபுரத்தை அடுத்த குப்பம் மண்டலத்தின் நாராயணபுரம் கிராமத்தில், 2025 ஜூன் மாதம், உழைக்கும் பெண் ஒருவர் மரத்தில் கயிற்றால் கட்டிவைக்கப்பட்டார். கணவர் வாங்கிய 80,000 ரூபாய் கடனைத் திருப்பித் தரவில்லை என்பதே அவர் மீதான ‘குற்றம்’. காணொளி பரவி, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்தது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார். அத்தோடு செய்தி முடிந்தது, கேள்வி முடியவில்லை.

கடன் கொடுத்தவன் கயிறு எடுத்தது காட்டுமிராண்டித்தனம். அவன் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் ஏழைப் பெண்ணுக்கு மரத்தடியில் ‘நீதி’ வழங்கும் இதே நாட்டில், மக்களின் சேமிப்பைக் கையாளும் பெரும் வங்கியாளர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் பங்குச் சந்தையில் நுழைந்து சுமார் 1,600 கோடி ரூபாய் திரட்டியது. அதே ஆண்டில் ஒன்றுபட்ட ஆந்திராவின் கிராமங்களில், குறுநிதி நிறுவனங்களின் வார வசூல் நெருக்கடி தாளாமல் பெண்கள் பலர் தற்கொலை செய்துகொண்டனர். மாநில அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. பின்னர் எஸ்.கே.எஸ். ‘பாரத் ஃபைனான்சியல் இன்க்லூஷன்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2019இல் இண்டஸ்இண்ட் வங்கியோடு இணைந்தது. செத்துப்போன பெண்களின் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மூலதனம் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு மேலே ஏறியது.

அந்த இண்டஸ்இண்ட் வங்கிதான் 2025 மார்ச்சில் தன் கணக்குகளில் பெரும் முரண்பாடு இருப்பதாக ஒப்புக்கொண்டது. இழப்பு சுமார் 1,960 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. குறுநிதிக் கடன் பிரிவிலும் 674 கோடி ரூபாய் தவறாக வட்டி வருமானமாகக் காட்டப்பட்டிருந்தது. தலைமைச் செயல் அதிகாரி ‘தார்மீகப் பொறுப்பு’ ஏற்று ஏப்ரலில் ராஜினாமா செய்தார். கணக்குக் குளறுபடி வெளியே தெரியும் முன்பே உயர் அதிகாரிகள் ஐவர் தங்கள் பங்குகளை விற்றுக்கொண்டனர் என்று செபி மே மாத இடைக்கால உத்தரவில் குறிப்பிட்டு, 19.78 கோடி ரூபாயை முடக்கியது. எண்பதாயிரத்துக்குக் கயிறு, ஆயிரங்கோடிக்கு ஒரு கடிதம்!

இது ஒரு வங்கியின் கதையல்ல. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தலைவராக இருந்த சந்தா கோச்சார், வீடியோகான் நிறுவனத்துக்கு வழங்கிய கடன் தொடர்பாக 2019 ஜனவரியில் சி.பி.ஐ. வழக்கைச் சந்தித்தார். கைதுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. 2022 டிசம்பரில் கைதானவருக்கு, கைது சட்டப்படி நடக்கவில்லை என்று சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே இடைக்கால ஜாமீன் வழங்கியது. விசாரணை அமைப்புகளின் மெத்தனத்தின் விலை இது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி கவிழ்ந்தபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் வரிசையில் நின்றனர். அதைத் தூக்கி நிறுத்தியது எது? ‘திறமையற்றது’ என்று தனியார்மயவாதிகள் ஏசும் பொதுத்துறையின் ஸ்டேட் வங்கிதான்! இலாபம் தனியாருக்கு, நட்டம் மக்களுக்கு என்ற நவீன தாராளமயத்தின் விதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2014-15 முதல் 2022-23 வரையான ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதில் சரிபாதிக்கு மேல், 7.41 லட்சம் கோடி, பெருந்தொழில் மற்றும் சேவைத் துறை நிறுவனங்களுக்கு உரியது. ‘இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்’ என்கிறது நிதி அமைச்சகம். அந்தக் காலத்தில் நீக்கப்பட்ட கடன்களிலிருந்து வசூலானதோ ஏறத்தாழ 2.04 லட்சம் கோடி மட்டுமே. மறுபுறம், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று ஏழைகளிடமிருந்து பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் ஐந்தாண்டுகளில் பறித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய்.

கடனைத் திருப்பித் தராத பெருமுதலாளிகளின் விவரங்களை மறைக்க ரிசர்வ் வங்கிக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ரிசர்வ் வங்கியோ 2023 ஜூன் சுற்றறிக்கையில், வேண்டுமென்றே கடனைச் செலுத்தாதவர்களோடும் மோசடிக் கணக்குகளோடும் வங்கிகள் சமரசத் தீர்வு காணலாம் என்று அனுமதித்தது. வங்கி ஊழியர், அதிகாரிகள் சங்கங்கள் அப்போதே கடுமையாக எதிர்த்தன.

மக்களிடம் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம். அது ஊர்க் கந்துவட்டிக்காரனோடு நின்றுவிட்டால் ஆளும் வர்க்கத்துக்கு வசதி. அந்தக் கந்துவட்டிக்காரனை வளர்த்தது, கிராமத்து ஏழைக்குக் கதவைச் சாத்திய வங்கிக் கொள்கையே. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமானதன் நோக்கங்களில் ஒன்று, அந்தக் கதவைத் திறப்பது. திறந்த கதவை மீண்டும் மூடுவதே தனியார்மயம்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. கணக்கிலிருந்து நீக்கப்பட்ட பெருங்கடன்களின் உரிமையாளர் பட்டியலை வெளியிட வேண்டும். அவர்களின் சொந்தச் சொத்திலிருந்து வசூலிக்க வேண்டும். 2023 சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட வேண்டும். முறைகேட்டுக்குப் பொறுப்பான வங்கித் தலைமைகள் மீது காலவரையறைக்குள் குற்ற விசாரணை முடிய வேண்டும். அவர்கள் பெற்ற ஊக்கத்தொகை பறிமுதல் செய்யப்பட வேண்டும். பொதுத்துறை வங்கிகள் இடைத்தரகு நிறுவனங்கள் இல்லாமல் மகளிர் குழுக்களுக்கு நேரடியாகக் கடன் தர வேண்டும். கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழகமும் கர்நாடகமும் 2025இல் சட்டம் கொண்டுவந்தன. எல்லையின் இருபுறமும் அத்தகைய பாதுகாப்பு ஏட்டில் நிற்காமல் நடைமுறைக்கு வர வேண்டும்.

இக்கோரிக்கைகளைக் கிளைதோறும், மகளிர் குழுதோறும், வங்கி வாயில்தோறும் கொண்டு செல்வது கட்சி அணிகளின் உடனடிக் கடமை. நாராயணபுரத்துப் பெண்ணின் கட்டு அவிழ்க்கப்பட்டுவிட்டது. கோடிக்கணக்கான உழைப்பாளிக் குடும்பங்களைக் கட்டியிருக்கும் கயிறு இன்னும் அவிழவில்லை. அதன் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்பதை மக்களுக்குக் காட்டியாக வேண்டும்.