பின்கதவின் முறையீடு

வீட்டுக் கதவொன்று கிறீச்சிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பிணைச்சலில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுகிறோம். சத்தம் அடங்கியதும் காரியம் முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். வீட்டுக் கதவுக்கு அது போதும். ஆனால் மோட்டார் வண்டியின் பின்கதவு முனகும்போது அதனை அவ்வாறு வாயடைத்துவிடலாகாது என்பதைக் கரடியனாற்றிலே கற்றுக்கொண்டேன். குடும்பத்துடன் வண்டியில் செல்லும் நேயர்கள் யாவருக்கும் பயன்படும் என்பதால் அதனையே இவ்வாரம் எழுதுகிறேன்.

எங்களுடையது ஜப்பானில் செய்யப்பட்ட சிறிய வண்டி. பின்புறம் முழுவதும் ஒரே கதவாக மேலே தூக்கித் திறக்கும் வகை. ஒரு நாள் பின்னோக்கி எடுக்கையில் தென்னை மரமொன்றில் மெல்ல முட்டிவிட்டேன். ஒரு கராஜில் தகட்டை நிமிர்த்தி, நிறம் பூசித் தந்தார்கள். பார்வைக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் அன்று தொடக்கம் பின்கதவு முனகத் தொடங்கியது. மீண்டும் கொண்டுபோனபோது எண்ணெய் பூசி அனுப்பினார்கள். சில நாள் மௌனம். பின்னர் பழைய முனகல்.

இந்த நிலையிலேதான், மாசி மாதத்து அறுவடைக் காலத்தில், கரடியனாற்றிலுள்ள தமக்கையார் வீட்டுக்குப் புறப்பட்டோம். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பியபின் பிரதான வீதியிலே வண்டி சுகமாக ஓடிற்று. வயலோரக் கிரவல் வீதியில் இறங்கியதும் முனகல் உறுமலாயிற்று. ஊரின் பெயரிலேதான் கரடி இருக்கிறதென்று எண்ணியிருந்தோம். அது எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே குடியிருப்பதாகச் சொல்லி மனைவி சிரித்தாள். சிரிப்பு நீடிக்கவில்லை. பின்னாசனத்திலே படுத்திருந்த மகள், தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றாள். வீட்டை அடைந்து, மர நிழலிலே காற்று வாங்கிய பின்னரே அவள் முகம் தெளிந்தது. பின்கதவைத் திறந்தால், துணிப்பைகளின் மேலெல்லாம் செம்மண் தூசி படிந்திருந்தது.

அத்தான் உழவு இயந்திரங்களைப் பழுது பார்ப்பதிலே கைதேர்ந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “எண்ணெய் பூசினால் வாய் மூடும் தம்பி, வருத்தம் மாறுமா?” என்று மட்டும் கேட்டார். பின்பு வேலையைத் தொடங்கினார்.

அவர் முதலிற் செய்தது, பின்புறத்திலிருந்த பொருள்கள் அனைத்தையும் இறக்கியதுதான். ஜாக்கி, மேலதிகச் சில்லு, பலகாரப் பெட்டி, மூடியுடன் கூடிய அலுமினியப் பானை எல்லாம் முற்றத்துக்கு வந்தன. வெறும் வண்டியை மீண்டும் அதே வீதியில் ஓட்டிப் பார்த்தோம். சத்தத்திற் பாதி மறைந்துவிட்டது! பானை மூடியும் ஜாக்கியும் செய்த குற்றத்தைக் கதவின் தலையிற் சுமத்தியிருந்தோம். எஞ்சிய பாதியே கதவுக்குரியது. சத்தத்தைத் தேடுவோர் முதலிற் பொருள்களை இறக்கிவிட்டுத் தேடுவதே முறை.

அடுத்து, தூசி படிந்திருந்த விதத்தைக் காட்டினார். கதவு வாயிலைச் சுற்றியுள்ள இறப்பர்ப் பட்டியிலே, இடது கீழ் மூலையில் மட்டும் விசிறி விரித்தாற்போலச் செம்மண் கோடுகள். தூசி தான் புகுந்த வழியைத் தானே வரைந்து வைத்திருந்தது. அதனை உறுதிப்படுத்தப் பத்திரிகைத் தாளிலே ஒரு கீற்றைக் கிழித்து, இறப்பருக்கும் கதவுக்கும் இடையே வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தார். ஏனைய இடங்களில் தாள் இறுகி நின்றது. இடது கீழ் மூலையிலே வெண்ணெயிற் கத்திபோல வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளியும் அவ்வாறே: வலப்புறம் ஒரு நாணயம் நுழையும், இடப்புறம் இரண்டு நுழையும்.

கதவை நேராக்குவதிலே ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் வேலை கெடும். முதலாவது பிணைச்சல், இரண்டாவது கொளுவி, மூன்றாவது இறப்பர்த் தாங்கி.

பிணைச்சலே கதவு நிற்க வேண்டிய இடத்தைத் தீர்மானிப்பது. தளர்த்துமுன் அதன் பழைய நிலையைப் பென்சிலாற் கோடிட்டுக்கொள்ள வேண்டும். போன வழி தெரிந்தாற்றான் திரும்பி வர முடியும். ஒருவர் கதவைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் போல்ட்டுகளைச் சிறிதளவே தளர்த்தி, கதவை ஒரு மில்லிமீற்றர் நகர்த்தி, இறுக்கி, மூடிப் பார்க்க வேண்டும். கொளுவியைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்வது நல்லது. அது இழுக்காதபோதுதான் கதவின் இயல்பான நிலை தெரியும். சில வண்டிகளில் உட்கூரையை இறக்கினாலன்றிப் பிணைச்சலின் போல்ட்டுகள் கைக்கு எட்டா. அத்தகைய வண்டியைப் பழக்கமுள்ளவரிடம் ஒப்படைப்பதே புத்தி.

கொளுவி என்பது கதவின் பூட்டு வந்து கௌவும் வளையம். அது நடுவில் இல்லாவிட்டால், மூடும் கடைசிக் கணத்திலே கதவு பக்கவாட்டில் ஒரு துள்ளுத் துள்ளும். வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தன. கோணலாக நின்ற கதவைக் கொளுவி பலவந்தமாக இழுத்துப் பிடித்திருந்தது. அந்த இழுபறியே உறுமலாக வெளிவந்தது.

இறப்பர்த் தாங்கிகள் கதவின் இரு மருங்கிலும் சிறு குமிழ்களாக இருப்பவை. பல வண்டிகளில் இவற்றைத் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும். அதிகம் உயர்ந்தால் கதவை ஓங்கி அறைய வேண்டிவரும். தாழ்ந்துவிட்டால் குலுக்கலிலே கதவு ஆடும். குமிழின் முனையிற் சோக்குத் தூள் தடவி மூடித் திறந்தால், எதிர்ப்பக்கத்தில் அச்சு விழுந்திருக்கிறதா என்று காணலாம். இரு பக்கமும் ஒரே அளவில் அச்சு விழுவதே சரியான நிலை.

கதவைத் தூக்கிப் பிடிக்கும் இரு தண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றினுள்ளே நைதரசன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. அவற்றைத் துளைக்கவோ சூடாக்கவோ கூடாது. திறந்த கதவு தானாக இறங்கத் தொடங்கினால், தலையில் விழுமுன் புதிய தண்டுகளைப் போட்டுவிட வேண்டும்.

கதவு நேரானபின் எஞ்சிய சிறு முனகலுக்கு மருந்து எளிது. இறப்பர்ப் பட்டியைச் சவர்க்கார நீராற் கழுவி, நிழலில் உலரவிட்டு, சிலிக்கன் களிம்பை மெல்லிதாகப் பூச வேண்டும். என்ஜின் எண்ணெய் இறப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். தேங்காயெண்ணெய் தூசியை அழைத்து ஒட்டவைக்கும். பூட்டுக்கும் கொளுவிக்கும் சிறிது கிறீஸ் போதும். உட்புறத்துப் பிளாஸ்டிக் தகடுகள் ஒன்றோடொன்று உரசுமிடத்தில் கம்பளித் துணித் துண்டொன்றை வைத்தால் அவையும் அடங்கும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

முன்னே போகும் வண்டி காற்றைக் கிழித்துச் செல்கையில் அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஓரிடம் உண்டாகிறது. வீதித் தூசி அங்கேதான் சுழல்கிறது. சைலன்சர்க் குழாயின் புகையும் அங்கேதான் சுழல்கிறது. பின்கதவில் வெளியிருந்தால் தூசி வரும் வழியாகவே புகையும் உள்ளே வரும். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைந்துகொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்பன அதன் முதற் குறிகள். பின்னாசனத்தில் உறங்கும் பிள்ளைக்கு அது தூக்கமா மயக்கமா என்று முன்னால் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

அத்தான் வண்டியின் அடியிற் குனிந்து பார்த்தபோது, சைலன்சர்க் குழாயின் மூட்டிலே துருவேறி விழுந்த துவாரமொன்றும் அகப்பட்டது. மகளின் தலைவலி பயணக் களைப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் துவாரத்தைக் கண்டபின் அதைக் களைப்பென்று சொல்லி அமைதி கொள்ள என் மனம் இடந்தரவில்லை. எண்ணெய் பூசி நான் அடக்கப் பார்த்தது ஒரு சத்தத்தை அன்று, ஓர் எச்சரிக்கையை.

முன்னாளில் இந்த வசதியுள்ள வண்டிகள் அரிதாயிருந்தன. 1953 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் ட்ரவலர் வண்டிக்குப் பின்புறத்தில் மரச்சட்டமிட்ட இரட்டைக் கதவுகள், அலுமாரிபோலப் பக்கவாட்டில் திறக்கும். மேலே தூக்கும் ஒற்றைக் கதவை 1961 இல் ரெனோ 4, 1965 இல் ரெனோ 16 ஆகிய பிரெஞ்சு வண்டிகள் பரவலாக்கின. இன்றோ நம் வீதிகளில் ஓடும் சிறு வண்டிகளிற் பெரும்பாலானவை இவ்வகையே. ஆகவே இது ஒரு வீட்டின் கதையன்று. நீளமான பலகையையோ சைக்கிளையோ ஏற்றிப் பின்கதவைக் கயிற்றாற் கட்டிக்கொண்டு போகும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அது கூடாது. அத்தகைய சுமைக்கு வேறு வண்டியை அமர்த்துங்கள். பயணத்தில் எவருக்கேனும் தலைவலியும் மயக்கமும் கண்டால், உடனே வண்டியை நிறுத்தி வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து, வைத்தியரை நாடுங்கள்.

மறுநாள் மாலை, குழாயையும் ஒட்டுவித்துக்கொண்டு திரும்பினோம். தமக்கையார் தந்த புதுநெல்லரிசிப் பையும் இரண்டு தயிர்ச் சட்டிகளும் பின்னால் இருந்தன. கிரவல் வீதி முழுவதும் மகள் விழித்திருந்து, வயலில் நின்ற கொக்குகளை எண்ணிக்கொண்டு வந்தாள். வீட்டில் வந்து பார்த்தபோது அரிசிப் பையின் மேல் விரலால் தடவிப் பார்க்கவும் தூசியில்லை.

இப்பத்திரிகையை வாசித்து முடித்ததும் அதன் ஓரத்தில் ஒரு கீற்றைக் கிழித்தெடுத்து உங்கள் வண்டியின் பின்கதவைச் சுற்றிச் சோதித்துப் பாருங்கள். தாள் எங்கே வழுக்குகிறதோ, அங்கே வேலை இருக்கிறது.