கோவிந்தன்மாருக்கு வழிவிடுவோம்

மகாசிவராத்திரிக்கு முந்தைய நாள் பிற்பகல். முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் முங்கிக் குளித்து, ஈர வேட்டியோடு, கையில் பனையோலை விசிறியும் இடுப்பில் சிறு துணிப்பையுமாக பக்தர்கள் வெறுங்காலில் ஓடத் தொடங்குகிறார்கள். மறுநாள் இரவு திருநட்டாலத்தில் ஓட்டம் முடிகிறது. வழியில் தொட்டுச் செல்லும் சிவாலயங்கள் மொத்தம் 12. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டி ஓடுபவர்களை உலகம் வியந்து பார்க்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் மலைப்பாதை ஓட்டத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.  குமரி மாவட்டத்தின் இந்தச் சிவாலய ஓட்டத்துக்கோ நுழைவுக் கட்டணம் இல்லை, மார்பில் எண் அட்டை இல்லை, முதலிடம் என்ற பேச்சும் இல்லை. கூட்டாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து கிளம்புவார்கள். ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டால் மற்றவர்களும் நின்று, தடவிவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டே போவார்கள்.

‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவியபடி சிவன் கோயிலுக்கு ஓடுவதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தர்மரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் தேவைப்பட்டது. மனிதனும் விலங்கும் கலந்த அந்த உருவம் சிவனைத் தவிர வேறு பெயரைக் காதில் வாங்காது. கண்ணன் 12 உருத்திராட்சங்களைக் கொடுத்துப் பீமனை அனுப்புகிறான். பீமன் ‘கோவிந்தா’ என்றதும் அது துரத்துகிறது. பிடிபடப்போகும் நேரத்தில் அவன் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே வைக்க, அது லிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்று பூசை செய்கிறது. பீமன் மறுபடி ஓடுகிறான். பன்னிரண்டாவது இடமான திருநட்டாலத்தில் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்து இருவரின் பகையையும் தீர்க்கிறார். பீமன் கூவிய பெயரையே தாங்களும் கூவுவதால் ஓடுகிறவர்களுக்குக் கோவிந்தன்மார் என்று பெயர்.

நீண்ட தூரம் ஓடுவதற்கான நுட்பமும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. ஓடு, நில், குளி, கும்பிடு, மறுபடி ஓடு. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ இறங்கினால் உடற்சூடு தணியும், தசை இளகும். மாசி வெயிலில் இந்தத் தூரத்தைச் சாதாரண மனிதர்கள் கடப்பதற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம். வழியெங்கும் ஊர்க்காரர்கள் நீட்டும் சுக்குநீரும் பானகமும் மோரும் கஞ்சியும் இன்னொரு காரணம்.

நாஞ்சில் நாடு என்றதும் நினைவுக்கு வரும் வயல்வெளி தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். சிவாலய ஓட்டம் நடப்பது மேற்கே, பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் ஏற்ற இறக்கங்களில். தாமிரபரணிக் கரையில் திக்குறிச்சி. கோதையாறு அருவியாக விழும் திற்பரப்பு. பிறகு திருநந்திக்கரை, அங்குள்ள குடைவரையில் முதலாம் இராஜராஜனின் கல்வெட்டு இருக்கிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும் பருவம். பொன்மனை, பன்னிப்பாகம் தாண்டினால் வேளிமலை அடிவாரத்தில் கல்குளம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்துக் கோட்டைக்குள் அந்தக் கோயில். மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று மீதி நான்கும் முடிந்தால் திருநட்டாலம். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா.பெருமாள் தனி நூலே எழுதும் அளவுக்கு இதில் செய்தி இருக்கிறது. ஓடுகிறவர்கள் மிதிக்கும் பாதையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஒரு காலத்தில் வயல் வரப்பும் தோப்பும் சானல்கரையுமாக இருந்த குறுக்குவழிகள் பலவும் இன்று தார்ச்சாலை. அந்தக் குறுகிய சாலைகளில் அந்த இரவில் பைக், கார், வேன், பேருந்து என வண்டிகள் நெருக்கியடிக்கின்றன. முதியவர்களும் குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் வண்டியில் வருவதில் தவறே இல்லை. அவர்களுக்கும் தரிசனம் வேண்டும். ஆனால் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்ய, புகையைச் சுவாசித்துக்கொண்டு, சாலையோரச் சரளையில் ஒதுங்கி ஒதுங்கி வெறுங்காலோடு ஓடுவது பக்திக்கு வைக்கும் சோதனை என்று விட்டுவிட முடியாது. அது விபத்துக்கான வாசல். முஞ்சிறையிலிருந்து திக்குறிச்சிக்குப் போகும்போது ஒருமுறை, தக்கலைப் பக்கம் இன்னொரு முறை என்று தேசிய நெடுஞ்சாலையையும் கடந்தாக வேண்டும்.

சிவராத்திரிக்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடுகிறது. காவல்துறையும் பாதுகாப்புக்கு நிற்கிறது. இன்னும் ஒரு படி போக வேண்டும். வண்டிகளுக்கு ஒரு வழி, கால்களுக்கு ஒரு வழி என்று பிரிப்பதே அந்தப் படி. மாற்றுச் சாலை இருக்கும் பகுதிகளில் வண்டிகளை அங்கே திருப்பிவிட்டால் கோயிலை ஒட்டிய சிறு சாலைகள் ஓடுகிறவர்களுக்குக் கிடைக்கும். சானல்கரைகளில் புதரை வெட்டி, மண்ணைச் சமப்படுத்தி, தற்காலிக விளக்குப் போடுவது பெரிய செலவு இல்லை. இரண்டாம் நாள் உச்சிவெயிலில் கொதிக்கும் தாரில் லாரியில் தண்ணீர் தெளிப்பது அதைவிட எளிது. குளங்களைப் பாசி நீக்கி வைப்பது அறநிலையத்துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சிவராத்திரி நெருங்கிய பிறகு தொடங்கினால் முடியாது.

இதைச் சுற்றுலா நிகழ்ச்சியாக்கி, விளம்பரப் பலகை நட்டு, பதக்கம் கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதை முளையிலேயே மறுக்க வேண்டும். போட்டி இல்லாததால்தான் இங்கே நண்பர்கள் ஒருவரையொருவர் விட்டுவிட்டு ஓடுவதில்லை. பன்னிரண்டு கோயில்களுக்கிடையிலான வழி முழுவதையும் ஒரே ஆண்டில் சீர்செய்ய இயலாது என்றால், திருநந்திக்கரைக்கும் பொன்மனைக்கும் இடையில் தொடங்கலாம். நள்ளிரவு தாண்டி, களைப்பும் தூக்கமும் சேர்ந்து தள்ளாடும் நேரத்தில் பலர் அந்த இடத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள். வரும் சிவராத்திரிக்கான ஆலோசனைக் கூட்டத்தில் அதிகாரிகளோடு, ஆண்டுதோறும் ஓடும் கோவிந்தன்மார் சிலரையும் உட்கார வைத்துக் கேட்டால், எந்த வளைவில் வண்டியை நிறுத்த வேண்டும், எந்தக் கரையில் விளக்கு வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.