மணமுறிவு வழக்கில் பிள்ளையைப் பக்கம் சேர்க்காதீர்கள்: எங்கள் நிலைப்பாடு

பெற்றோர் பிரிந்தால் பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும் என்று சொல்லி, ஒத்துவராத தம்பதியரை ஒரே வீட்டில் இருத்திவைக்கும் வழக்கம் காஞ்சிபுரத்தில் இன்னும் இருக்கிறது. எங்கள் அமைப்பு இதை ஏற்கவில்லை. பிள்ளையை அதிகம் வதைப்பது பிரிவுக்கு முன்னும் பின்னும் ஓயாமல் நடக்கும் சண்டைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அமேட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கடும் சண்டை நடந்த வீடுகளில் பெற்றோர் பிரிந்துவிட்ட பிள்ளைகள், பிரியாதவர்களின் பிள்ளைகளைவிட வளர்ந்தபின் நலமாக இருந்தார்கள். சண்டை குறைவாக இருந்த வீடுகளிலோ பிரிவுதான் பிள்ளைகளைப் பாதித்தது. இந்த இரண்டாவது முடிவு எங்களுக்கு எதிரான சான்று என்று சிலர் சொல்லலாம். ஆனால் சண்டையே தெரியாத வீடு திடீரென இரண்டாகும்போது பிள்ளை தன்னையே காரணமாக நினைத்துக்கொள்வதுண்டு. ஆகவே "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று மழுப்பாமல், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, இது உன்னால் நடந்ததில்லை என்று சொல்ல வேண்டும் என்பதையே அந்த ஆய்விலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நெசவுக் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோர்வைச் சேலை நெய்யக் கரைப் பக்க நாடாவைத் தள்ள இரண்டாவது ஆள் வேண்டும். தார் சுற்றுவது முதலான வேலைகள் பெண்கள் கையில். தாய் வெளியேறினால் தறி தந்தையிடமே தங்கிவிடும், அவள் இடத்தில் பிள்ளை உட்காரும் ஆபத்து வரும். ஒருகாலத்தில் பட்டுத் தறிகளில் சிறுவர்களை உட்காரவைத்த ஊர் இது. மணமுறிவு வழியாக அந்த நிலை திரும்பக் கூடாது. ஜீவனாம்சம் பேசும்போதும், கூலிக் கணக்கில் பெயரில்லாத அவளுடைய உழைப்பைச் சேர்த்துப் பேச வேண்டும்.

பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்று ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே கூறிவிட்டது. ஆனாலும் உறவினர்கள் கூடியிருக்கும்போது "நீ யாரோடு இருப்பாய்?" என்று பிள்ளையைக் கேட்கிறார்கள். இதை உடனே நிறுத்துங்கள். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ள 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்க வேண்டியவர் நீதிபதி. பிரிந்த பின்னும் பிள்ளை இருவரையும் பார்க்க வேண்டும் என்கிறோம். அடித்தவரையும் பார்க்கச் சொல்கிறீர்களா என்று கோபப்படுபவர்களின் கோபம் நியாயமானது. அப்படிச் சொல்லவில்லை. சந்திப்பால் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்றால் மறுக்கவே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அச்சம் இல்லாத இடங்களில், பெற்ற பிள்ளையை நீதிமன்ற வளாகத்தில் வைத்துப் பார்க்கும் நிலை வேண்டாம். வைகாசி கருட சேவைக்கு ஒருவர் அழைத்துச் சென்றால், பங்குனித் திருக்கல்யாணத்துக்கு மற்றவர் அழைத்துச் செல்லட்டும். மதிப்பெண் பட்டியல் இருவர் பார்வைக்கும் போகட்டும். வழக்கு முடியும்வரை காத்திராமல், முதல் சமரசப் பேச்சிலேயே இவற்றை எழுத்தில் வாங்கித் தருமாறு வழக்கறிஞர்களையும் சமரச மையத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.