பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் நிழற்படம்

பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மக்களைப் பெற்றோர்க்கு ஆண்டின் தொடக்கம் ஓய்வில்லாத காலமாகும். பிப்ரவரித் திங்களில் பொதுத்தேர்வு வந்துவிடும். அதற்கு முன்னர்ப் பிரிவுபசார விழாவும், வகுப்பினர் ஆசிரியர்களுடன் வரிசையாய் நின்று எடுத்துக்கொள்ளும் குழுப்படமும் உண்டு. அமெரிக்க நாட்டில் இவற்றோடு, இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழகுறப் படமெடுப்பதும் நெடுநாள் வழக்கம். நமக்கோ, தனிப்படம் என்றால் விண்ணப்பத்தில் ஒட்டும் சிறுபடந்தான்.

எனினும், இத்தீவுகளில் வாழும் நமக்கு அத்தகைய தனிப்படம் ஒன்று தேவையென்றே கருதுகின்றோம். பள்ளி முடித்த பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்காகத் தாய்நிலம் செல்கின்றனர். சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் வழி. சென்றவர் திரும்பும்போது வேறு முகத்தோடு வருவர். பதினேழு வயது முகம் வீட்டில் தங்குவது படத்தில் மட்டுமே.

படமெடுப்பதிலும் இருவகை உண்டென்பதை நம் தீவின் வரலாறே காட்டுகின்றது. 1890களில் இங்கு ஆங்கில அதிகாரியாயிருந்த போர்ட்மேன் என்பவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்காக அந்தமான் பழங்குடியினரைப் படமெடுத்தார். கட்டமிட்ட திரையின் முன் அவர்களை நிறுத்தி, உடலளவு காணும் பொருட்டு எடுத்த படங்களும் அவற்றுள் உண்டு. எவ்வாறு நிற்பது என்பதை நின்றவர் முடிவு செய்யவில்லை.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் நம் முன்னோர் எடுத்துக்கொண்ட படங்கள் வேறுவகை. தீட்டிய திரை, நாற்காலி, பூச்சாடி ஆகியவற்றின் நடுவே, உலகம் தம்மை எவ்வாறு காணவேண்டுமென விரும்பினரோ அவ்வாறே அவர்கள் அமர்ந்தனர். அத்தகைய பழம்படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடி, கணினிப் படிகளாக்கிக் காத்துள்ளனர்.

நம் பிள்ளைகளின் படம் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்ததாதல் வேண்டும். ஆதலின் முதற்கண் பிள்ளையைக் கேளுங்கள். சேலையா, தாவணியா, பள்ளிச் சீருடையா, கையில் பந்தா, புத்தகமா என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். முடிவெட்டுவதைப் படத்திற்கு முதல்நாள் வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்னரே முடித்துவிடுவது நன்று. புத்தாடையையும் ஒருமுறை உடுத்திப் பார்த்துவிடவேண்டும். தைத்த அளவு பொருந்தாமற் போவதுண்டு. கண்ணாடி அணியும் பிள்ளை கண்ணாடியுடனேயே இருக்கட்டும். தலையைச் சற்றே தாழ்த்தினால் ஒளி தெறிக்காது.

இன்னொன்று மிக முக்கியம். படத்தைக் கணினியிலிட்டு முகத்தை வெளுப்பாக்கித் தருவது சில ஸ்டூடியோக்களில் கேளாமலே நடக்கும் காரியம். "நிறத்தை மாற்ற வேண்டா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்ற பிள்ளையின் நிறம் படத்திற்கு ஆகாதென்று நாமே ஒப்புக்கொண்டால், அதைவிடப் பெரிய அவமதிப்பு அப்பிள்ளைக்கு வேறென்ன உண்டு?

வெளியிடத்தில் எடுப்போர் நேரத்தைக் கருதவேண்டும். நம் தீவுகள் இந்திய நேரத்தைக் கணிக்கும் தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகை கிழக்கே உள்ளமையால், கடிகாரத்திற்கு நாற்பது நிமிடம் முன்னரே நடுப்பகல் வந்துவிடுகின்றது. டிசம்பரில் ஐந்து மணியளவில் கதிரவன் மறைகின்றான். தாய்நிலத்து உறவினர் சொற்படி ஐந்தரைக்குக் கடற்கரை சென்றால் இருளே மிஞ்சும்; நான்கு மணியே ஏற்ற வேளை. உச்சிவெயிலில் கண்குழியில் நிழல் விழும். அவ்வேளையில் மரநிழலோ திண்ணையோ நன்று.

படம் கிடைத்தபின் அதைக் காப்பது அடுத்த கடமை. இருபருவ மழையும் உப்புக்காற்றும் உள்ள இவ்விடத்தில் சுவரோடு ஒட்டிய படத்தில் பூஞ்சை படரும். சட்டத்திற்கும் சுவருக்குமிடையே சிறிது இடைவெளி விடுங்கள். கைபேசியில் இருக்கின்றதென்று அமைதி கொள்ளாமல், தாளில் இரு படிகள் எடுத்து, ஒன்றைத் தாய்நிலத்து உறவினரிடம் கொடுத்து வையுங்கள். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறின. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் அத்தீவைப் பெரிதும் அழித்தது. அலை வீட்டைக் கொண்டுசெல்லும்போது சுவரிலுள்ள படத்தை விட்டுச்செல்வதில்லை.

பின்புறத்தில் பென்சிலால் பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதுங்கள். இன்று பெயர் சொல்லத் தேவையில்லாத முகம், ஐம்பது ஆண்டு கழித்துப் பேரர் கையில் பெயரற்றதாய்ப் போய்விடும்.

செலவு சிறிது, பயன் பெரிது. தேர்வு நெருங்குமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குமாறு பெற்றோரை அன்புடன் வேண்டுகின்றோம். தேர்வெழுதும் செல்வங்கள் யாவரும் வெற்றி பெறுக!