யார் எழுதிய வசனம்?

கல்முனையில் ஓர் இலக்கியச் சந்திப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். இளைஞர் ஒருவர் தனது கைத்தொலைபேசியை நீட்டினார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் வரி பற்றிப் பேசும் வசனத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருந்தார். பத்து வரிகள் வந்திருந்தன. முதலிரு வரிகள் சரி; மிச்சம் படத்தில் இல்லாதவை. எழுதியவர் கலைஞர் கருணாநிதி என்று வேறு போட்டிருந்தது. 1959இல் வெளிவந்த அப்படத்துக்கு வசனம் எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி.

பிழை என்றேன். "கருத்துச் சரிதானே சேர், அது போதாதா?" என்று கேட்டார்.

போதாது. கருத்தை யாரும் சொல்லலாம். வசனம் என்பது அதே சொல், அதே ஒழுங்கு. 'பராசக்தி' (1952) நீதிமன்றக் காட்சியை நம் மூத்தவர்கள் இசைத்தட்டிலும் கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டே மனனம் செய்தார்கள். ஒரு சொல் பிசகினால் பக்கத்திலிருப்பவர் திருத்துவார். இயந்திரமோ படம் பார்த்ததில்லை. எழுத்தில் கிடைத்தவற்றை வைத்து அடுத்த சொல்லை ஊகிக்கிறது. பலர் பிழையாக எழுதியிருந்தால் அதற்குப் பிழையே சரி. 'காசபிளாங்கா' (1942) படத்தின் பெயரால் உலகமே சொல்லித் திரியும் "மீண்டும் வாசி, சாம்" என்ற வசனம் அப்படத்தில் அவ்வாறு இல்லவே இல்லை.

மனிதரும் பிழை விடுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்கு வசனம் எழுதியவர்கள் இருவர்: கண்ணதாசன், ரவீந்தர். ரவீந்தர் நாகூரைச் சேர்ந்த முஸ்லிம் எழுத்தாளர். கண்ணதாசனைத் தெரிந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? பெரிய பெயர் சின்னப் பெயரை விழுங்குவது நமது பழைய நோய். அந்த நோயைத்தான் இயந்திரம் நம்மிடமிருந்து கற்று, தயக்கமின்றித் திருப்பித் தருகிறது.

கட்டபொம்மனுக்காவது படம் சாட்சியாக இருக்கிறது, ஓடவிட்டுச் சரிபார்க்கலாம். நமது பெண்கள் வயலிலும் உரலடியிலும் பாடிய கவிகளுக்கு எந்தப் படம் சாட்சி? நாளை ஒரு மாணவன் அவற்றைக் கேட்பான். இயந்திரம் அழகாக நாலு வரி கட்டிக் கொடுக்கும். அது பாடநூலிலும் ஏறும். "அப்படியில்ல மகன்" என்று திருத்தக்கூடிய உம்மம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. முதலில் அதைப் பயன்படுத்துங்கள், தம்பிமாரே.